துதிக் குறிப்பு

கரண்ட் போனதற்காக நன்றி சொன்ன ஒரே ஆளை நான் என் கடையில்தான் பார்த்தேன்.

அப்போது செக்காலை ரோட்டில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் டைப் அடித்துக் கொடுப்பேன். இன்வெர்ட்டர் பேட்டரி செத்து இரண்டு மாதமாகியும் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா கோடு போட்ட நோட்டுத் தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் வரிவரியாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முடித்துச் சேமிக்கப்போன நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அடித்தது ஒரு வரி மிச்சமில்லை. யாரையென்று இல்லாமல் பொதுவாகத் திட்டினேன். கொஞ்சம் கெட்ட வார்த்தையும் வந்தது.

அக்கா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "ஸ்தோத்திரம்" என்றார். எனக்கு அப்போது அந்த வார்த்தை என்னவென்றே தெரியாது. ஆண்டவருக்கு நன்றி என்று அவர்கள் வழக்கில் அர்த்தமாம்.

"மூணாவது பாராவுல நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன் ஆத்தா. மறுபடி அடிக்கச் சொன்னா கோவிச்சுக்குவியேன்னு பேசாம உக்காந்திருந்தேன். இப்பத் தானாப் போயிருச்சு பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் கடைசிவரை எனக்கு அந்த இரண்டும் சேர்ந்தேதான் வந்துகொண்டிருந்தது.

அவருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். ஒல்லி. நாற்காலியில் முழுதாக உட்காரமாட்டார்; நுனியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொள்வார், பஸ் வந்தால் உடனே எழுந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். அதனால் யாரிடம் பேசினாலும் முதல் இரண்டு வார்த்தை எல்.கே.ஜி. பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருக்கும். அவர் வீட்டுக்காரர் மானகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அவர்கள் சபையிலிருந்து குடும்பத்தோடு ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாக அனுப்புகிறார்கள், நாலு வருடம் அங்கே இருக்க வேண்டும், அதற்கான முதல் கடிதத்தைத்தான் அன்றைக்கு அடித்தோம். எஸ்தர் என்று பத்து வயதில் ஒரு பெண். ஜோயல் என்று ஐந்து வயதில் ஒரு பையன். அவன் என் ஜெராக்ஸ் மெஷினில் கையை வைத்து நகல் எடுத்துக் கேட்டு அழுதான். எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மிஷனரியாகப் போகிறவர்கள் மாதம் ஒரு கடிதம் அனுப்புவது அவர்கள் வழக்கம். அது நானூறு பிரதி அச்சாகி, பணம் கொடுத்து அவர்களைத் தாங்குகிற குடும்பங்களுக்குப் போகும். மேலே ஒரு வசனம், நடுவில் நாலு வரி செய்தி, கீழே இரண்டு கட்டம். இடது கட்டத்துக்குத் தலைப்பு 'துதிக்க'. நடந்த நல்லதெல்லாம் அதில். வலது கட்டத்துக்குத் தலைப்பு 'ஜெபிக்க'. தேவை, கஷ்டம், நோய் எல்லாம் அதில்.

இதில் ஒரு சட்டம் உண்டு. எனக்கு அதை ஏற்றுக்கொள்ளவே முடிந்ததில்லை. அந்தச் சபையில் ஊழியத்துக்குப் போனவர்கள் மனுஷரிடம் வாய்விட்டு எதையும் கேட்கக்கூடாது. ஆண்டவரிடம்தான் கேட்க வேண்டும். ஆண்டவரிடம் கேட்பதை வலது கட்டத்தில் போடுவார்கள். மனுஷர்கள் அதைப் படித்துவிட்டு, தங்களுக்குள் பேசி, வேண்டியதைச் செய்வார்கள். மிஷனரிகளை அனுப்புகிற சங்கத்தின் கமிட்டி கூடுவதும் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். வலது கட்டத்தில் வராத விஷயம் நடக்காத விஷயம். எங்கள் வீட்டில் பிள்ளையார்பட்டிக்குப் போனால் எனக்கு இன்னது வேண்டும் என்று நேராகவே கேட்போம், பக்கத்தில் நிற்கிற அத்தையிடமும் கேட்போம். இவர்கள் சுற்றி வளைத்துக் கேட்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வேலை வேலைதான்.

அவர்கள் போனது மலாவி என்ற நாடு. பெரிய ஏரியின் கரையில் ஒரு ஊர். அங்கே நெட் சரியாகக் கிடைக்காது. அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார், நான் கேட்டுக் கேட்டு அடிப்பேன். சிக்னல் கிடைக்கிற இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மாமரத்தடி. பின்னணியில் கோழிச் சத்தம், பிள்ளைகள் சத்தம், யாராவது வந்து அவரிடம் குசலம் விசாரிக்கும் சத்தம் எல்லாம் கேட்கும். அச்சடித்த தாளை அவர் பார்த்ததில்லை. ஃபைல் அனுப்பினால் அங்கே திறக்காது. "நீ பாத்துச் சரியாத்தான போட்டிருப்ப" என்று விட்டுவிடுவார்.

முதல் மாதமே தெரிந்துவிட்டது, அவர் எல்லாவற்றையும் இடது கட்டத்தில் போடுகிற ஆள் என்று.

தண்ணீர் அடிபம்பில் எடுத்து அரை மைல் தலையில் சுமக்க வேண்டும். துதிக்க: பம்படியில் பத்துப் பெண்கள் பழக்கமானதற்காக. கொண்டுபோன பருப்புப் பொடி, புளி எல்லாவற்றையும் எலி தின்றுவிட்டது. துதிக்க: உள்ளூர்ச் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் மாறியதற்காக. அங்கே மக்காச்சோள மாவைக் கிண்டி வெள்ளையாக ஒரு களி சாப்பிடுவார்கள், தொட்டுக்கொள்ள ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடி மீன். "நம்ம நெத்திலிக் கருவாடேதான் ஆத்தா, என்ன, கொஞ்சம் உப்புக் கம்மி" என்றார். வீட்டுக்காரருக்கு மட்டும் களி இறங்கவில்லையாம். ஆறு கிலோ இளைத்துவிட்டார். அதைச் சொல்லிவிட்டு, பழைய சட்டையெல்லாம் மறுபடி சேர ஆரம்பித்துவிட்டது, அதற்கும் ஸ்தோத்திரம் போடு என்றார். அதை நான் போடவில்லை.

அங்கே பெண்கள் இடுப்பில் இரண்டு மீட்டர் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்வார்கள். அக்காவின் சேலையைப் பார்த்து ஊரே கூடிவிட்டது. ஒருத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு முழம் போட்டுப் பார்த்து, இவ்வளவு துணியை ஒருத்தியே கட்டுவது நியாயமில்லை, இதில் மூன்று பேர் உடுத்தலாம் என்று சொன்னாளாம். அக்கா வீட்டுக்குள் போய் நல்ல செட்டிநாட்டுக் கண்டாங்கி ஒன்றை எடுத்து மூன்றாகக் கிழித்து மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டார். அவர் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய சேலை அது. கிழித்ததைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தமே இல்லை. கேட்ட எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இன்னொரு பழக்கத்தை அவர் ரசித்து ரசித்துச் சொல்வார். அந்த ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் நின்று, எப்படி எழுந்தீர்கள் என்று கேட்க வேண்டும். நல்லபடியாக எழுந்தேன், நீங்கள் எப்படியோ என்று பதில் சொல்ல வேண்டும். கேட்காமல் காரியம் பேசினால் மரியாதைக் குறைவு. பதிலையும் மாற்றக்கூடாது. வீட்டில் என்ன நடந்திருந்தாலும் முதல் பதில் நல்லபடியாக என்பதுதான். சரியான நாட்டுக்குத்தான் போயிருக்கீக அக்கா என்று எழுதி அனுப்பினேன். அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

ஊழியம் எப்படிப் போனது என்று யாராவது கேட்டால் எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அங்கே போய் இறங்கிய இரண்டாம் வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்திருக்கிறார். உங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் பேர்தான். இங்கே நாங்கள் எல்லாருமே சபைக்குப் போகிறவர்கள், என் தாத்தாவுக்குத் தாத்தா ஞானஸ்நானம் எடுத்தவர். அப்படியிருக்க உங்கள் ஊரை விட்டுவிட்டு நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்? பெரியவர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாராம். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கப் போய்விட்டார். மானகிரியில் செய்துகொண்டிருந்த அதே வேலை. சபையில் அவருக்குப் பின்வரிசையில் ஒரு இடம் கொடுத்தார்கள். கடிதத்தில் அது 'துதிக்க: பள்ளி ஊழியத்தின் வாசல் திறந்ததற்காக' என்று வந்தது. மனுஷன் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார் என்று ஒரு பதிவில் சொல்லிவிட்டு, "அமைதியாத் தியானத்துல இருக்காக, அதுக்கும் ஸ்தோத்திரம்" என்றார் அக்கா.

பிள்ளைகளுக்கு அந்த ஊர் உடனே பிடித்துப்போயிற்று. எஸ்தர் ஆறு மாதத்தில் அந்தப் பாஷையைப் பேச ஆரம்பித்து, பள்ளிக்கூட நெட்பால் டீமில் சேர்ந்துவிட்டாள். ஜோயல் இன்னும் ஒரு படி மேலே போனான். தமிழையே விட்டுவிட்டான். அக்கா எனக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது மாமரத்து மேலேயிருந்து அவன் அந்தப் பாஷையில் அம்மாவைக் கூப்பிடுவது கேட்கும். இவர் தமிழில் பதில் சொல்வார், அவன் மறுபடி அதில்தான் கேட்பான். டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் இருக்கலாம்.

இரண்டாம் வருடம் அவனுக்கு முதல் மலேரியா வந்தது. துதிக்க: ஜோயல் காய்ச்சலிலிருந்து சுகம் பெற்றதற்காக. அங்கே அது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறதுதான் என்றார். மழைக்காலத்தில் இரண்டாவது தடவை வந்தது. ஆஸ்பத்திரிக்கு சைக்கிள் பின்சீட்டில் ஒன்றரை மணி நேரம். போன அன்றைக்கு மருந்து தீர்ந்துவிட்டது, மூன்றாம் நாள்தான் வந்தது. துதிக்க: மருந்து கிடைத்ததற்காக. இதை அடிப்பதைப் பாதியில் நிறுத்தினேன். போன் போட்டேன். அதிசயமாக லைன் கிடைத்தது.

பையனை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். தேவகோட்டையில் அவன் அம்மாச்சி இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்.

"நாங்களாக் கேக்கக் கூடாதுல்ல ஆத்தா. சங்கந்தான் சொல்லணும்."

"அப்ப ஜெபக் கட்டத்துல போடுங்க. அவுக பாத்துட்டுச் சொல்லட்டும்."

"சொகமானதைக் கொண்டுபோயி ஜெபத்துல போட்டா, செஞ்ச நன்மையை மறந்த மாதிரி ஆயிராதா? அவுகளுக்கும் அது சங்கடம். பிள்ளைக்கு ரெண்டு நாள் காச்சல் வந்ததும் ஓடியாரப் பாக்குறாகன்னு பேச்சாயிரும். அவுக வேற ஏற்கெனவே..." என்று வீட்டுக்காரரைப் பற்றி ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அதற்குள் லைன் போய்விட்டது. போனதற்கும் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உண்மை என்னவென்றால், அவரிடம் பயம் இல்லாமல் இல்லை. பயத்தைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு வேறு இடம் பழக்கமில்லை.

மூன்றாவது காய்ச்சல் அடுத்த இரண்டு மாதத்துக்குள் வந்தது. இந்தத் தடவை பையனுக்கு வலிப்பும் வந்தது. அதை அவர் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டு, "நாலாம் நாள் எந்திரிச்சு உக்காந்து களி கேட்டான். துதியில முதல் குறிப்பா போடு" என்றார்.

நான் அதைத் துதியில் போடவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக வாடிக்கையாளர் சொன்னதை மாற்றி அடித்தேன். வலது கட்டத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில் போட்டேன்: 'மகன் ஜோயலுக்கு ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக மலேரியா. இம்முறை வலிப்பு. அவனை ஊருக்கு அனுப்பிவைக்க உடனே வழி திறக்கும்படி.' அவர்கள் பாணி எனக்கு அத்துபடி. யாருக்கும் சந்தேகம் வராது. நானூறு பிரதியும் அச்சாகி, மடித்து, ஒட்டி, நானே தபாலில் சேர்த்தேன். கமிட்டி உடனே கூப்பிடும், பையன் வந்துவிடுவான், அதன் பிறகு அக்கா என்னைத் திட்டினால் திட்டட்டும் என்று இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து செயலாளர் ஐயா போன் செய்தார். சங்கத்துக்கு அவர்தான் எல்லாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனுஷன். பண்டிகைக்கு மறக்காமல் கேக் கொடுத்தனுப்புகிறவர். பையன் விஷயம்தான் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டு பேசினேன். கடிதத்தில் போட்டோ கறுப்படித்துவிட்டது, முகமே தெரியவில்லை, அடுத்த மாதம் கவனமாகப் பார் என்றார். சரி என்றேன். அவர் வைக்கப்போனார்.

"ஐயா, அந்தப் பையனுக்கு முடியலன்னு போட்ருந்துச்சே, பாத்தீகளா?"

"பாத்தோம்மா. பாவம். ஞாயித்துக்கெழமை சபையே எந்திரிச்சு நின்னு ஜெபிச்சோம். வீடு வீடாவும் ஜெபிக்கிறாக."

"அவுகளைக் கூப்பிட்டுப் பேசுனீகளா ஐயா?"

"அதான் ஜெபிச்சோம்னு சொல்றேன்லம்மா" என்றார். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. எல்லாரும் நிஜமாகவே உருகித்தான் ஜெபித்திருக்கிறார்கள். என் கடைக்கு வந்த இரண்டு பேர், அந்தப் பிள்ளையை நினைத்து ஒரு வேளை உபவாசம் இருக்கிறோம் என்று கண்ணில் நீர் வரச் சொன்னார்கள். நானும் யார் பெயரும் போடாமல் கமிட்டிக்கு ஒரு தபால் எழுதியிருக்கலாம். நேரில் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். செய்யவில்லை. கல்யாண சீசன், பத்திரிகை வேலை தலைக்கு மேல் கிடந்தது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எடுப்பார்கள் என்று நானும் இருந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஜோயல் செத்துப்போனான். நாலாவது காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. சைக்கிளில் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஏழு வயது.

செயலாளர் ஐயா வந்து சபை வாசலில் வைக்க ஃபிளக்ஸ் கேட்டார். என்னிடம் சின்னப் பிள்ளைகளுக்கென்று அஞ்சலி டிசைன் ஒன்று உண்டு, ரோஜா மொட்டெல்லாம் போட்டு. அதை எடுக்க மனமில்லை. வெறும் வெள்ளையில் பையன் படத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன். முன்பல் இரண்டும் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். படம் நல்லாப் பளிச்சென்று வந்திருக்கிறது என்றார் அவர்.

அந்த மாதம் கடிதம் வராது என்றுதான் நினைத்தேன். அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் அக்காவின் குரல் வந்தது. நிதானமாக, நர்சரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். துதிக்க: ஜோயலை ஏழு வருடம் எங்களுக்குத் தந்ததற்காக. ஊர் முழுக்கத் தோட்ட வேலையை நிறுத்திவிட்டு அடக்கத்துக்கு வந்ததற்காக. பெட்டி செய்யப் பள்ளிக்கூடத்து மேசைப் பலகையைக் கொடுத்ததற்காக. எஸ்தர் நேற்றிலிருந்து சாப்பிடுவதற்காக. ஜெபிக்க என்று எதுவும் இந்த மாதம் இல்லை என்றார். பின்னணியில் மாமரத்தில் வேறு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அடித்தேன். வலது கட்டம் காலியாகப் போனது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அம்மா மடியில் படுத்து அழுதேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

இப்போது சங்கம் கூப்பிட்டது. டிக்கெட் போட்டு மூன்று பேரையும் இரண்டு மாத ஓய்வுக்கு வரவழைத்தார்கள். அங்கே நடந்ததைச் சபைக்கு முன்னால் அக்கா சாட்சியாகச் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். உள்ளே உட்காரக் கூச்சமாக இருந்ததால் கடைசியில் செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டேன். அக்கா இன்னும் இளைத்திருந்தார். பலகையைப் பற்றிச் சொன்னார், தோட்ட வேலை நின்றதைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் என்றது. எல்லாரும் அழுதார்கள், அவரைத் தவிர. முடிந்ததும் வரிசையில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உங்களைப் பார்த்துத்தான் எங்கள் விசுவாசமே பலப்படுகிறது என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டுக்காரர் ஓரமாக நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் அக்கா கடைக்கு வந்தார். அதே நாற்காலி, அதே நுனி. எஸ்தரை இங்கே ஹாஸ்டலில் விடுகிறோம், நாங்கள் இரண்டு பேரும் திரும்பப் போகிறோம் என்றார். இனி எதுக்கு அக்கா அங்க என்றேன். "அவன் அங்க தனியா இருக்கான்ல" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கீபோர்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மூணாவது காச்சலை நான் துதியில சொன்னேன்ல. ஜெபத்துல சொல்லியிருந்தா நம்ம ஆளுக கூப்பிட்டிருப்பாகள்ல?"

இரவும் பகலும் அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அந்த ஒரு கேள்வியில் தெரிந்துபோயிற்று. மேடையில் சொன்ன எதுவும் அவருக்கு ஆறுதல் தரவில்லை. தன் வாயால்தான் பிள்ளை போனான் என்று நினைக்கிறார். இந்தப் பாரத்தை என்னால் இறக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. அலமாரியில் பழைய பிரதிகள் இருந்தன. அந்த மாதத்துத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கொட்டை எழுத்து வரியில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

"நீயாப் போட்டியா?"

"ஆமாக்கா. கோவிச்சுக்காதீக."

"எல்லாருக்கும் போச்சா?"

"நானூறும் போச்சுக்கா."

"ஜெபிச்சாகளா?"

"சபையே எந்திரிச்சு நின்னு ஜெபிச்சதாச் சொன்னாக. வீட்லயும் ஜெபிச்சாக. ஆனா ஒருத்தரும் கூப்பிடல அக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் ஸ்தோத்திரம் சொல்வார் என்று காத்திருந்தேன். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும், அந்த எரிச்சலோடு சேர்ந்து பழையபடி சிரிப்பும் வரும் என்று இருந்தேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ செய்தது தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. அப்புறம் "சரி" என்றார். இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எழுந்து போய்விட்டார். டீ ஆறிப்போய் இருந்தது.

நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்போடு நான் அன்றைக்கு முழுக்க வேலை பார்த்தேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் உறைத்தது. அதுவரை அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது: நான் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் மனுஷர்களும் செவிகொடுத்திருப்பார்கள், ஆண்டவரும் செவிகொடுத்திருப்பார். தன்னைத் தண்டித்துக்கொண்டு அவர் அவர்கள் எல்லாரையும் காப்பாற்றி வைத்திருந்தார். நான் தாளைக் காட்டி, கேட்டாயிற்று, நானூறு வீட்டிலும் நின்று கேட்டாயிற்று, அப்படியும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கோவில் இருக்கிற பக்கமே போகாத ஒருவருக்கு அது சாதாரணச் செய்தி. அவருக்கு அப்படி இல்லை. ஓடிப்போய்ச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்ன? போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த வாரமே அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் கடிதத்துக்கான குரல் பதிவு சரியான தேதிக்கு வந்தது. சின்னப் பதிவு. கோழிச் சத்தம் இருந்தது. மேலே போட ஒரு வசன எண்ணைச் சொன்னார். ஜெபிக்க: எஸ்தரின் படிப்பு, வீட்டுக்காரரின் உடல்நிலை, இந்த வருடத்து மழை. அதோடு முடிந்துவிட்டதென்று நினைத்தபோது மறுபடி குரல் வந்தது.

"துதிக்கு நீயே ஏதாச்சும் போட்டுக்க ஆத்தா."

ஒரு மணி நேரம் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் பழைய கடிதம் ஒன்றிலிருந்து மூன்று வரியை எடுத்து ஒட்டினேன். பிரயாணத்தில் கிடைத்த பாதுகாப்புக்காக. அண்டை அயலாரின் அன்புக்காக. அன்றன்றைய ஆகாரத்துக்காக.

அவர்கள் அங்கே இருந்த மிச்ச மாதங்கள் முழுக்க இடது கட்டத்தை நான்தான் நிரப்பினேன். அக்கா ஒரு தடவைகூட என்ன போட்டாய் என்று கேட்கவில்லை. அப்படி நான் நிரப்பிய முதல் கடிதம் போய்ச் சேர்ந்த வாரம் செயலாளர் ஐயா மட்டும் போன் செய்து, "இந்த மாசம் கடிதம் ரொம்ப ஆறுதலா இருந்துச்சும்மா, அவுக நல்லாத் தேறிட்டாக" என்றார்.